லேபிளில் 6 ஆம்ப்-அவர், உள்ளே எவ்வளவு? – டிரில் பேட்டரியும் சில பழைய சோதனைக் கதைகளும்

போன மாசம் எங்கள் வீட்டில் அலமாரி வேலை நடந்தது. இரண்டாவது நாள் மதியம், சாப்பிட்டு முடித்த கார்பெண்டர் அண்ணன் என் மேசை மேல் மூன்று பேட்டரிகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றுமே அவருடைய கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டுபவை. ஒன்று டிரில்லோடு வந்த கம்பெனி பேட்டரி, நாலு வருஷப் பழசு. மற்ற இரண்டும் புதுசு, வேறு வேறு கடைகளில் வாங்கியவை, வேறு வேறு பெயர் போட்டவை. அவர் பாஷையில் "வெளி பேட்டரி".

"சார், கம்பெனி பேட்டரி ஒண்ணு வாங்குற காசுல இது ரெண்டு மூணு வாங்கிடலாம். அதுவும் பாருங்க, கம்பெனிக்காரன் 5ன்னு போட்டிருக்கான், இவன் 6ன்னு போட்டிருக்கான். ஆனா நாலு ஷட்டர் மாட்டுறதுக்குள்ள படுத்துடுது. நான் ஏமாந்துட்டேனா, இல்ல டிரில்லுலதான் கோளாறா? நீங்க கம்ப்யூட்டர் ஆளு, பாத்துச் சொல்லுங்க."

கம்ப்யூட்டர் ஆளுக்கும் பேட்டரிக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னிடம் ஒரு மல்டிமீட்டரும், பழைய லேப்டாப் செல்களைச் சோதிக்க வாங்கிய 150 வாட் எலக்ட்ரானிக் லோடும் தூசி படிந்து கிடந்தன. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்டுட்டுப் போங்கண்ணே" என்றேன்.

ஒரு பேட்டரியைச் சோதிப்பது ரொம்ப சுலபம் என்றுதான் நினைத்தேன். முழுசாக சார்ஜ் போடு, காலி பண்ணு, எவ்வளவு வந்தது என்று பார், அவ்வளவுதானே? அவ்வளவுதான் இல்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் 100 வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு அரசாங்க விஞ்ஞானியின் வேலையே போயிருக்கிறது, ஒரு கம்பெனியே திவாலாகியிருக்கிறது. அந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு மேசைக்கு வருகிறேன்.

ஒரே பேட்டரி, மூன்று வோல்ட்

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அண்ணன் கொண்டுவந்ததில் ஒன்றில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 21 வோல்ட் என்றும் போட்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

லித்தியம்-அயான் செல் ஒன்று முழுசாக சார்ஜ் ஆகியிருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். வேலை செய்யும்போது சராசரியாக 3.6 வோல்ட். இந்த வகை டிரில் பேட்டரிக்குள் ஐந்து செல் வரிசையாகக் கோத்திருக்கும். ஐந்தை 3.6-ஆல் பெருக்கினால் 18. சார்ஜரில் இருந்து எடுத்து கொஞ்ச நேரம் கழித்து செல்லுக்கு 4 என்று வைத்தால் 20. முழு சார்ஜில் 21. மூன்றும் ஒரே பேட்டரிதான், அளந்த நேரம்தான் வேறு. டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது. இதில் பொய் இல்லை, சாமர்த்தியம் இருக்கிறது.

மலிவான டிரில்களில் 48, 88 என்றெல்லாம் எண் போட்டு, வோல்ட் குறியோடு இன்னொரு எழுத்தையும் சேர்த்திருப்பார்கள். அந்த எழுத்து சேர்ந்ததும் அது வோல்ட் கணக்கே இல்லை. மீட்டர் வைத்தால் அதே 20, 21தான் வரும்.

வோல்ட் கணக்கை மீட்டர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். ஆம்ப்-அவர் அப்படி இல்லை. ஏமாற்றுக்கு இடம் கொடுப்பது அதுதான்.

வயரை அறுத்த கதை

கையில் பிடிக்கும் மின் டிரில் 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வந்துவிட்டது, செய்தது ஃபைன் கம்பெனி. துப்பாக்கி மாதிரி பிடியும் விரலால் அழுத்தும் விசையும் வைத்த டிரில்லுக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கும் டிரில்லின் முகம் அதுதான். வயர் மட்டும் போகவில்லை.

1961-ல் அதே பிளாக் அண்ட் டெக்கர் வயர் இல்லாத டிரில்லைக் கடைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது நிக்கல்-காட்மியம் செல். அது அப்போதே பழைய சரக்கு. ஸ்வீடனின் வால்டெமார் யுங்னர் 1899-லேயே கண்டுபிடித்தது.

"கார்ட்லெஸ் டிரில் நாசா கண்டுபிடிச்சது" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். தப்பு. கடையில் வந்த பிறகுதான் நாசா வேலை வந்தது. அப்போலோ 15, 16, 17 பயணங்களில் நிலவின் மண்ணைத் துளைத்த டிரில்லை மார்ட்டின் மாரியட்டா கம்பெனிக்காகச் செய்வதில் பிளாக் அண்ட் டெக்கருக்குப் பங்கு உண்டு. அந்த டிரில்லின் பேட்டரி நம் கடை பேட்டரி மாதிரி இல்லை, வெள்ளி-துத்தநாக வகை. ஒரு பயணத்துக்கு உழைத்தால் போதும், விலை பற்றிக் கவலை இல்லை. கார்பெண்டருக்கு நேர் எதிர்க் கணக்கு: நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற வேண்டும், விலையும் கட்ட வேண்டும்.

1978-ல் ஜப்பானின் மகிடா 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் டிரில்லைக் கொண்டுவந்தது. இந்த மாதிரிக் கருவிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டும் வசதி வந்ததும் வியாபாரத்தின் முகமே மாறியது. ஒன்று சார்ஜில் இருக்க இன்னொன்றில் வேலை செய்யலாம். கூடவே இன்னொன்றும் நடந்தது. கழற்றி மாட்டுவது என்று ஆனதும் பேட்டரி ஒரு ஸ்பேர் பார்ட் ஆகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பள்ளம், தன் முள், தன் பூட்டு என்று வைத்துக்கொண்டது. டிரில் வாங்குவது கல்யாணச் செலவு என்றால் பேட்டரி வாங்குவது குடும்பச் செலவு. ஸ்பேர் பார்ட் விலை ஏறினால் அதே அச்சில் வார்த்து மலிவாகத் தருபவர் வருவார். வெளி பேட்டரி பிறந்தது இப்படித்தான். இதில் குற்றம் எதுவும் இல்லை. கம்பெனி பெயரையே போட்டு விற்பதுதான் டூப்ளிகேட். தன் பெயர் போட்டு, "இந்த டிரில்லுக்குப் பொருந்தும்" என்று விற்பது வேறு. அது நல்லதா கெட்டதா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

1897: எவ்வளவு வேகமாகக் கேட்கிறாய்?

முதல் பாடம் ஈய-அமில பேட்டரியில் கிடைத்தது. வில்ஹெல்ம் பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஒரு சூத்திரம் எழுதினார். சாரம் இதுதான்: பேட்டரியின் கொள்ளளவு ஒரே எண் கிடையாது. மெதுவாக எடுத்தால் நிறைய தரும், அவசரமாக எடுத்தால் கொஞ்சம்தான் தரும்.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மேல் சி20 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். "20 மணி நேரத்தில் காலி பண்ணினால்தான் இந்த ஆம்ப்-அவர்" என்று அர்த்தம். 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் 5 ஆம்ப் எடுத்தால் 20 மணி நேரம் வரும். 50 ஆம்ப் எடுத்தால் 2 மணி நேரம் வரவேண்டும் அல்லவா? பாய்கெர்ட் சூத்திரத்தில் 1.2 என்ற அடுக்கு வைத்துப் போட்டால் ஒன்றேகால் மணி நேரம்தான் வருகிறது. அதாவது 63 ஆம்ப்-அவர். பேட்டரி அதேதான், நாம் கேட்ட விதம்தான் மாறியது.

லித்தியத்தில் இந்தக் குறைவு அவ்வளவு மோசமில்லை. ஆனால் வேறு விதத்தில் பிடிக்கும். பேட்டரிக்குள் இருக்கும் மின்தடையின் வழியாகத்தான் மின்சாரம் வெளியே வரவேண்டும். உள்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். 2 ஆம்ப் எடுக்கும்போது 0.2 வோல்ட்தான் விழும், தெரியவே தெரியாது. 20 ஆம்ப் எடுத்தால் 2 வோல்ட் விழும். கூடவே 40 வாட் சூடு பேட்டரிக்குள்ளேயே தங்கும். ஒரு சோல்டரிங் அயர்னை உள்ளே வைத்து மூடியதற்குச் சமம்.

டிரில் கெட்டி மரத்தில் சிக்கி முக்கும்போது 20 ஆம்பைச் சாதாரணமாகத் தாண்டும். லேபிளில் போடும் ஆம்ப்-அவரோ மெதுவாக, பல மணி நேரம் எடுத்து அளப்பது. ஆகவே முதல் கேள்வி: எந்த வேகத்தில் அளந்த எண் இது?

1953: யார் சோதிப்பது?

இரண்டாவது கதை அமெரிக்காவில் நடந்தது. டிரில் பேட்டரி இல்லை, கார் பேட்டரி. எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்ற பொடியை விற்றுவந்தார். பழைய கார் பேட்டரியில் போட்டால் உயிர் வந்துவிடும் என்பது விளம்பரம். உள்ளே பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட், மக்னீசியம் சல்ஃபேட் என்ற இரண்டு சாதாரண உப்புகள். வாஷிங்டனில் இருந்த தேசியத் தர நிர்ணய அலுவலகம் இந்த மாதிரிப் பொடிகளைப் பல வருஷமாகச் சோதித்து, பிரயோஜனம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இதையும் சோதித்து அதையே சொன்னது.

ரிச்சி விடவில்லை. திருப்தியான வாடிக்கையாளர்களின் கடிதங்களைக் காட்டினார், செனட்டர்களைப் பிடித்தார். 1952-ல் பொது முன்னிலையில் மறைமுகச் சோதனை ஒன்று நடந்தது. எந்த பேட்டரியில் பொடி போட்டிருக்கிறது என்று சோதிப்பவருக்கே தெரியாத மாதிரி ஏற்பாடு. வித்தியாசம் தெரியவில்லை. செனட் குழு எம்.ஐ.டி-யிலும் ஒரு சோதனை செய்யச் சொன்னது. அதில் வந்த சில அளவுகளைத் தங்களுக்குச் சாதகமாகப் பொடித் தரப்பு எடுத்துக்கொண்டது. சண்டை முற்றியது.

1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் ஆட்சி வந்தது. புதிய வணிகத்துறை அமைச்சர் சின்கிளேர் வீக்ஸ், தர நிர்ணய அலுவலகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை ராஜினாமா செய்யச் சொன்னார். வாங்கியவர்கள் நல்லா இருக்கு என்கிறார்கள், சந்தையின் தீர்ப்பை அலுவலகம் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் வாதம். விஞ்ஞானிகள் கொதித்துப் போனார்கள். அலுவலகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலையை விடத் தயாரானார்கள். ஏப்ரலில் அமைச்சர் இறங்கிவந்தார், ஆகஸ்டில் ஆஸ்டின் நிரந்தரமாகத் திரும்பினார். வருஷக் கடைசியில் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, அலுவலகத்தின் சோதனைகள் சரியானவை, பொடியில் சாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆஸ்டின் 1969 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

எனக்கு இதில் சுவாரசியமான இடம் அரசியல் இல்லை. வாடிக்கையாளர்கள் ஏன் திருப்தியாக இருந்தார்கள் என்பதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. பொடியைப் போட்டுவிட்டு பேட்டரியை மெதுவாக, நீண்ட நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பது அதோடு வந்த குறிப்பு. ஓய்ந்துபோன ஈய பேட்டரியை மெதுவாக நீண்ட நேரம் சார்ஜ் போட்டாலே கொஞ்சம் தேறும், பொடி இல்லாமலேயே. பொடி போடாத இன்னொரு பேட்டரிக்கும் அதே வைத்தியத்தைச் செய்து பார்த்தால்தான் இது தெரியும். தனி மனிதர் யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஆன்லைன் கடைகளில் பேட்டரிக்குக் கீழே வரும் ஐந்து நட்சத்திரங்களைப் பாருங்கள். "நல்லா இருக்கு, சூப்பர் டெலிவரி" என்று மூன்றாம் நாளே எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. ஒப்பிட இன்னொன்று அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

1986, 1989: புதுசில் எல்லாமே நல்ல பிள்ளை

மூன்றாவது கதை லித்தியத்தின் கதை. ஜப்பானில் அசாஹி கசேய் கம்பெனியில் அகிரா யோஷினோ லித்தியம்-அயான் பேட்டரியின் மாதிரியைச் செய்தார். 1986-ல் அதை வெடிமருந்து சோதிக்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், மேலே இரும்புக் கட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். நசுங்கியது, தீப்பிடிக்கவில்லை. உலோக லித்தியம் வைத்த பேட்டரியின் மேல் அதே கட்டியைப் போட்டால் பற்றிக்கொண்டு எரிந்தது. லித்தியம்-அயான் பேட்டரி பிறந்த தருணம் அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 2019-ல் குட்எனஃப், விட்டிங்ஹாம் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு.

அதே காலத்தில் கனடாவில் மோலி எனர்ஜி என்ற கம்பெனி அந்த இன்னொரு வகையை, உலோக லித்தியம் பேட்டரியை, நிஜமாகவே விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக்கு அபாரமான சரக்கு. ஜப்பானில் கைப்பேசிகளுக்குப் போனது. 1989-ல் ஒரு பேட்டரி தீப்பிடித்து உபயோகித்தவர் காயப்பட்டார். விற்ற பேட்டரிகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று, கம்பெனி கடன்காரர் கைக்குப் போனது.

ஜப்பான் கம்பெனிகளின் கைக்கு மாறிய பிறகு ஏராளமான செல்களை வைத்துச் சோதித்தார்கள். தெரிந்தது என்னவென்றால், புது செல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் லித்தியம் சீராகப் படியாமல் பாசி மாதிரி படிந்தது. நாளாக நாளாக அந்தச் செல் சூட்டைத் தாங்கும் சக்தியை இழந்தது. பேக்டரி வாசலில் சோதித்தால் பாஸ், ஆறு மாசம் கழித்து ஃபெயில்.

1991-ல் சோனி, உலோக லித்தியம் இல்லாத லித்தியம்-அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோலியும் பாடம் கற்றுக்கொண்டு லித்தியம்-அயானுக்கு மாறியது, பிறகு தைவான்காரர்கள் கைக்குப் போனது. 2005-ல் அமெரிக்காவின் மில்வாக்கி கம்பெனி 28 வோல்ட் லித்தியம்-அயான் கருவிகளை இறக்கியது. நிக்கல்-காட்மியத்தின் இடத்தை லித்தியம் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். உள்ளே இருந்தது யாருடைய செல் தெரியுமா? மோலியுடையது. தீயால் திவாலான கம்பெனியின் வாரிசுதான் டிரில்லுக்கு லித்தியத்தைக் கொடுத்தது.

இந்தக் கருவிகளில் நிக்கல்-காட்மியத்தை ஐரோப்பா தாமதமாகத்தான் விட்டது. 2006 சட்டத்தில் கார்ட்லெஸ் கருவிகளுக்கும் விலக்கு இருந்தது, 2016 கடைசியோடு அது முடிந்தது. இப்போது எல்லாமே லித்தியம். நிக்கல்-காட்மியம் மோசமாகச் செய்யப்பட்டிருந்தால் சீக்கிரம் சாகும், அவ்வளவுதான். லித்தியம் மோசமாகச் செய்யப்பட்டிருந்தால் வீட்டையே கொளுத்தலாம்.

இப்போது மேசைக்கு

ஆக மூன்று கேள்விகள். எந்த வேகத்தில் அளந்தாய்? எதோடு ஒப்பிட்டாய்? பழசானால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பேட்டரிகளின் பெயர்களை இங்கே போடவில்லை. வகைக்கு ஒரு பேட்டரியைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரில் விற்கும் அத்தனைக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆஸ்டினின் அலுவலகம் அப்படிச் செய்யவில்லை, நானும் செய்யக் கூடாது.

முதல் கருவி சமையலறைத் தராசு. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள செல். ஒன்றின் எடை கிட்டத்தட்ட 45 முதல் 48 கிராம். இந்த அளவில் டிரில்லுக்கு ஏற்ற, அதிக மின்சாரம் தரும் நல்ல செல் 2.5 முதல் 3 ஆம்ப்-அவர் தரும். நிதானமாக எடுக்கும் வகையில் உச்சம் 3.5. எனவே இந்தச் செல்லில் 18 வோல்ட், 5 ஆம்ப்-அவர் வேண்டுமானால் பத்து செல் வேண்டும், ஐந்து ஜோடி. செல் எடை மட்டுமே 450 கிராமைத் தாண்டும். "6" என்று போட்டிருந்த பேட்டரி, பிளாஸ்டிக் பெட்டியோடு சேர்த்தே 400 கிராம் வரவில்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இதைவிடப் பெரிய 21700 செல் ஒன்று 70 கிராம் வரும், அதில் ஐந்து போட்டு 4, 5 ஆம்ப்-அவர் தருபவையும் உண்டு. ஆனால் டிரில்லுக்கு ஏற்ற வகையில் 6 பொதுவாக வராது.

அடுத்து எலக்ட்ரானிக் லோடு. முதலில் 1 ஆம்ப், மறுபடி சார்ஜ் போட்டு 7 ஆம்ப், செல்லுக்கு 3 வோல்ட் வந்ததும் நிறுத்து. மூன்று பேட்டரிக்கும் அதே சார்ஜர், அதே அறை, அதே நிறுத்தம். என் லோடு 150 வாட்டோடு சரி, டிரில் கேட்பதில் இது சின்னப் பங்குதான். ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. "6" போட்ட பேட்டரி மெதுவாக எடுத்தாலும் லேபிளில் சொன்னதில் பாதி தரவில்லை. 7 ஆம்பில் அதுவும் குறைந்தது, பெட்டி கை வைக்க முடியாத சூடு. நாலு வருஷப் பழைய கம்பெனி பேட்டரி கொஞ்சம் இளைத்திருந்தது, ஆனால் 1 ஆம்புக்கும் 7 ஆம்புக்கும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

இரண்டாவது வெளி பேட்டரிதான் எனக்கு ஆச்சரியம். "5" என்று போட்டிருந்தது, பழைய கம்பெனி பேட்டரிக்குச் சமமாக ஈடு கொடுத்தது. எடையும் சரி. விலை மூன்றில் ஒரு பங்கு. இதோடு நிறுத்தியிருந்தால் "தாராளமா வாங்குங்கண்ணே" என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கேள்வி பாக்கி இருந்ததால் திருப்புளியை எடுத்தேன். (சார்ஜ் இருக்கும் பேட்டரியைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். இரண்டு முனையும் ஒரு திருப்புளியில் சேர்ந்தால் அது வெல்டிங்தான். காலி செய்துவிட்டு, மோதிரம் வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் பிரித்தேன்.)

"6" போட்டதன் உள்ளே பத்து செல்லுக்கு இடம், இருந்தது ஐந்து செல். மீதி இடம் காற்று. எதிர்பார்த்ததுதான்.

"5" போட்டதன் உள்ளே பத்து செல் ஒழுங்காக இருந்தன. ஆனால் இருக்க வேண்டிய கம்பிகள் இல்லை. ஒழுங்கான பேட்டரியில் ஐந்து ஜோடிக்கும் நடுவில் இருந்து மெல்லிய கம்பிகள் போர்டுக்குப் போகும். ஒவ்வொரு ஜோடியின் வோல்ட்டையும் தனித்தனியாகப் பார்த்து, ஒன்று எல்லை தாண்டினாலும் நிறுத்துவதற்காக. இதில் முதலும் முடிவும்தான் இணைக்கப்பட்டிருந்தன. போர்டுக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும்.

அதனால் என்ன? கணக்கைப் பாருங்கள். சார்ஜர் மொத்தம் 21 வோல்ட் வரை ஏற்றும். ஐந்து ஜோடியும் சமமாக இருந்தால் ஆளுக்கு 4.2. நாளடைவில் ஒரு ஜோடி இளைத்துப்போய், மற்றவற்றைவிட முன்னாலேயே நிரம்பிவிட்டால்? நாலு ஜோடி 4.1-ல் இருக்கும்போது அது 16.4. மீதி 4.6 வோல்ட் அந்த ஒரு ஜோடியின் தலையில். 4.2-ஐத் தாண்டிய லித்தியம் செல்லில்தான் ஆபத்து ஆரம்பம். போர்டு பார்ப்பது மொத்தம் 21-ஐ மட்டும். "எல்லாம் சரி" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பேட்டரி புதுசாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐந்து ஜோடியையும் தனியாக அளந்தேன். ஒன்று ஏற்கெனவே மற்ற நாலோடு ஒட்டாமல் விலகி நின்றது.

மோலியின் கதைதான். இன்றைக்குப் பாஸ், ஒரு வருஷம் கழித்து யார் கண்டது?

இந்தியாவில் இந்த வகை லித்தியம் செல்லுக்கும் பேட்டரிக்கும் ஐ.எஸ். 16046 தரப்படி பதிவு வேண்டும். பேட்டரி மேல் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று சொல்லும். ஆனால் அது பாதுகாப்புக்கான தரம், ஆம்ப்-அவர் உண்மையா என்பதைச் சொல்வதில்லை. நான் பார்த்த இரண்டு வெளி பேட்டரியிலும் அந்த எண்ணே இல்லை.

அண்ணனிடம் என்ன சொன்னேன்

திங்கட்கிழமை காலை வந்தார். பேச்சுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. மூன்று பேட்டரியின் லேபிளையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்து, 1, 2, 3 என்று எழுதி, "எது எதுன்னு தெரியாம ஸ்குரூ போட்டுப் பாருங்கண்ணே, எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். ஆஸ்டினின் மறைமுகச் சோதனை எங்கள் சமையலறையில்! அண்ணன் டிரில்லில் மாட்டவே இல்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த ரெண்டாம் நம்பர் உப்பு சார். கனமே இல்லையே." அதுதான் "6".

என் தராசு சொன்னதை அவர் கை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. லேபிளில் இருந்த எண்தான் அந்தக் கையை நம்பவிடாமல் செய்திருக்கிறது.

"மூணாம் நம்பரு நல்லாத்தானே சார் இருக்கு? இதையே இன்னும் ரெண்டு வாங்கிக்கவா?"

"எங்கண்ணே சார்ஜ் போடுவீங்க?"

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும்தான். ஒரே ரூமு சார், கட்டில் பக்கத்துல ப்ளக் பாயிண்ட். ராத்திரி போட்டா காலைல எடுத்துட்டு வந்துருவேன். புள்ளைங்க அங்கதான் படுக்கும்."

அதற்குப் பிறகு ஆம்ப்-அவர் பற்றிப் பேச எதுவும் இல்லை. பிரித்த பேட்டரியைக் காட்டி, கம்பி இல்லாத இடத்தைக் காட்டி, 4.6 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கம்பெனி பேட்டரியையே வாங்குங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். அவருக்கு அது சில நாள் கூலி. அந்த விலை நியாயமா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பள்ளம் வைத்திருக்கும்வரை அந்த விலை இறங்காது. ஐரோப்பாவில் 2018 முதல் சில கம்பெனிகள் மெட்டாபோவோடு சேர்ந்து ஒரே பேட்டரியைப் பல கருவிகளில் மாட்டும் கூட்டணி வைத்திருக்கின்றன. நம் ஊர் கார்பெண்டர் கைக்கு அந்த மாதிரி வரும் நாள் தூரத்தில் இருக்கிறது.

கடைசியில் இப்படி முடிவானது. கம்பெனி பேட்டரி புதுசு ஒன்று. "6" போட்ட பேட்டரி மின்கழிவு வாங்கும் இடத்துக்கு. "5" போட்டதைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: வீட்டில் சார்ஜ் போடவே கூடாது. வேலை நடக்கும் இடத்தில், வெறும் தரையில், கண் முன்னால்தான். சூடு ஏறினாலோ உப்பினாலோ அன்றோடு சரி. இதுகூட சமரசம்தான் என்று எனக்குத் தெரியும்.

அவர் தலையாட்டிவிட்டு, பழைய கம்பெனி பேட்டரியை டிரில்லில் மாட்டினார். "6"-ஐ இன்னொரு தடவை கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"அடுத்த தடவை கடையில தராசு கேப்பேன் சார். சிரிச்சா சிரிக்கட்டும்."